யார் சொன்னது?

"உண்மையைச் சொல்கிறவன் எதற்காக முகத்தை மறைக்கவேண்டும்?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

புதுச்சேரியில் நாலைந்து நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டம் அது. கதையில் ஆரம்பித்த பேச்சு எப்படியோ சாலை விபத்துகளின் பக்கம் திரும்பிவிட்டது. கேட்டவர் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். யோக்கியமானவர். முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தும் கை நீட்டாமல் எழுந்து வந்தவர். அவர் கேட்டதும் கூட்டம் முழுவதும் தலையாட்டிற்று. நானும் ஆட்டியிருப்பேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் பெரிய முதலியார்சாவடியில் ஒரு பஞ்சர் கடை வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன். அதனால் என் தலை ஆடவில்லை.

வருஷத்தில் ஒரு மாதமாவது பெரிய முதலியார்சாவடியில் ஒரு நண்பரின் வீட்டில் தங்கி எழுதுவது என் வழக்கம். கிழக்கே கடல், மேற்கே ஆரோவில்லுக்குத் திரும்புகிற செம்மண் பூமி, நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. அந்தச் சாலையின் இரைச்சலோடுதான் அங்கே விடிகிறது. வடக்கே மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் வருகின்றன. ஈர உப்பு சொட்டிச் சொட்டி லாரியின் அடிவயிற்றை அரிக்கும். சேசிஸும், ஸ்பிரிங் பட்டையும், பிரேக் குழாயும் வெளியில் தெரியாமல் உளுத்துப்போகும். மற்ற லாரிக்குப் பத்து வருஷம் என்றால் உப்பு லாரிக்கு ஆறு வருஷம் என்பார்கள் பட்டறைக்காரர்கள்.

பஞ்சர் கடைக்காரரும் ஒரு காலத்தில் பட்டறைக்காரர்தான். பத்துப் பன்னிரண்டு லாரி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் எல்லாரும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலாளியின் ஒரு லாரியில் முன்சக்கரத்து பிரேக்குக்குப் போகிற காற்று கசிந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிற ரப்பரை மாற்றவேண்டும். அதற்கு லாரியை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் ஒரு நடை போய்விடும். "குழாயை மடக்கிக் கம்பி போட்டுக் கட்டுப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் முதலாளி. கட்டியாயிற்று. கசிவு நின்றுவிட்டது. டிரைவருக்கு முன்னால் இருக்கிற காற்று முள்ளும் நல்லபடியாகத்தான் காட்டும். ஆனால் அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கே கிடையாது. பாரத்தோடு வரும்போது அழுத்திப் பிடித்தால் லாரி நேரே நிற்காமல் ஒரு பக்கமாக இழுக்கும். இழுக்கிற பக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வருகிற பிள்ளைகளும் இருக்கலாம். மீன் கூடையோடு நடக்கிற பெண்களும் இருக்கலாம்.

"அப்புறம்" என்பது மூன்று மாதமாகியும் வரவில்லை. அதே வைத்தியம் இன்னும் இரண்டு லாரிகளுக்கு நடந்தது. மேஸ்திரிக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் உட்கார்ந்து, சம்பந்தப்பட்ட காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். லாரிகளின் நம்பர், எந்தச் சக்கரம், எந்தக் குழாய், என்றைக்குக் கட்டியது, எல்லாம் எழுதிக் கடைசியில் தன் பெயரும் விலாசமும் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"மொட்டைக் கடுதாசி போடுறது ஈனப் புத்தி சார். அது நம்ம பரம்பரையிலயே கெடையாது" என்றார் என்னிடம்.

ஒரு வாரம் போயிற்று. பிரேக் இன்ஸ்பெக்டர் வரவில்லை. முதலாளிதான் பட்டறைக்கு வந்தார். கையில் மேஸ்திரி எழுதிய அதே காகிதம். நகல்கூட இல்லை, அசல்.

"மேஸ்திரி, உன் எழுத்து முத்து முத்தா இருக்குப்பா. இவ்வளவு அழகா எழுதறவன் பட்டறையில கெடந்து எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று சிரித்திருக்கிறார். போகிறபோது, "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க, தெரியுமில்ல?" என்று ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வேலை இல்லை. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தப் பட்டறையிலும் இல்லை.

மேஸ்திரி காரியாலயத்துக்குப் போய்க் கேட்டார். அங்கே ஒருவர் சொன்ன பதிலைத்தான் நான் மறக்கமுடியாமல் இருக்கிறேன். "நீதானேய்யா பேரு, விலாசம் எல்லாம் போட்டு எழுதினே? அப்போ உனக்குச் சம்மதம்னுதானே அர்த்தம்? மறைக்கணும்னா போடாம இருந்திருக்கலாமே!"

சம்மதம்! இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பெயர் போடாமல் எழுதினால் என்ன ஆகும்? "மொட்டைக் கடுதாசி, நடவடிக்கை இல்லை" என்று குப்பைத் தொட்டிக்குப் போகும். பெயர் போட்டு எழுதினால் முதலாளியின் மேஜைக்குப் போகும். குப்பைத் தொட்டி வேண்டாம் என்றவனை "முதலாளி மேஜைக்குச் சம்மதம் கொடுத்தாய்" என்று சொல்லுவது என்ன நியாயம்? நான் வைத்தியரிடம் என் நோயைச் சொல்கிறேன் என்றால், அதைத் தெருமுனையில் தண்டோராப் போடச் சம்மதித்துவிட்டேன் என்றா பொருள்? ஒருவன் தன் பெயரை ஒரு காதில் சொன்னால் அந்த ஒரு காதுக்குத்தான் சொன்னான். அடுத்த காதுக்குப் போகவேண்டுமானால் அவனைத் திரும்பக் கேட்கவேண்டும். கேட்டு, அவன் மறுத்தால், மறுத்ததை மதிக்கவேண்டும். மறுக்க இடமில்லாத இடத்தில் வாங்குகிற சம்மதம் பிடுங்கிக்கொண்டதே தவிர, கொடுத்தது அல்ல.

புதுச்சேரிப் பெரியவர் இதற்கு இரண்டு ஆட்சேபம் சொன்னார். இரண்டும் லேசானவை அல்ல.

முதலாவது, குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தன்மேல் குற்றம் சாட்டியவன் யார் என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லையா என்பது. உண்டு. ஒருவன் என்னைத் திருடன் என்று சொன்னால், அவனுடைய கண்ணையும் நாக்கையும் நான் சோதித்துப் பார்த்தாகவேண்டும். ஏனென்றால் அங்கே சாட்சி அவன்தான். ஆனால் லாரியின் பிரேக் விஷயத்தில் யார் சாட்சி? மேஸ்திரி அல்லவே! மடக்கிக் கட்டிய குழாய் சாட்சி. அது லாரிக்கு அடியிலேயே இருக்கிறது. அதற்கு மாமன் மச்சான் கிடையாது, பகை கிடையாது, பதவி உயர்வில் ஆசை கிடையாது. குனிந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான். குனிந்து பார்க்க மனமில்லாதவன்தான் நிமிர்ந்து நின்றுகொண்டு "யார் சொன்னது?" என்று கேட்கிறான்.

இரண்டாவது, பெயரை மறைக்கலாம் என்றால் பொறாமைக்காரர்கள் பொய் எழுதுவார்களே என்பது. எழுதுவார்கள்தான். அதனால்தான் பெயரில்லாத கடிதம் வேறு, பெயரைக் காப்பாற்றுகிற கடிதம் வேறு என்கிறேன். விசாரிக்கிற அதிகாரிக்குப் பெயர் தெரியட்டும். திரும்பக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்கவும் அது வேண்டும். அவரோடு அது நிற்கட்டும். பொய் என்றால் பிரேக்கைப் பார்த்த கால் மணி நேரத்தில் பொய் தெரிந்துவிடும். லாரியும் தன் வழியே போய்விடும். உண்மை என்றால் ஓர் உயிர் மிச்சம். இதில் யாருக்கு நஷ்டம்?

2012 ஜூலை 25 ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், ஓடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து, அந்தப் பஸ்ஸின் சக்கரத்திலேயே மாண்டாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று கிடைத்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளும் வந்தன. எல்லாம் சரி. அந்த ஓட்டை ஒரே நாளில் விழுந்ததா? தினமும் அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்கள், கூட்டியவர்கள், கழுவியவர்கள் கண்ணில் அது படாமலா இருந்திருக்கும்? ஒருவர் சொல்லியிருந்தால், போதும். அந்த ஓட்டையைப் பார்க்க எவருடைய பெயரும் தேவையில்லை. இரண்டு கண் போதும். ஆனால் சொல்லுவதற்கு, சொன்னால் தன் அடுப்பு அணையாது என்கிற நம்பிக்கை தேவை. அதைத்தான் நாம் யாருக்கும் கொடுக்கவில்லை.

நம் தேசத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. சத்யேந்திர துபே என்ற இளம் எஞ்சினியர் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் வேலை பார்த்தார். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழல்களைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமருக்கே கடிதம் எழுதினார். தம் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி அதில் கேட்டுக்கொண்டிருந்தார். கடிதம் பெயரோடு காரியாலயம் காரியாலயமாகப் பயணம் செய்தது. 2003 நவம்பர் 27 ஆம் தேதி கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக்காரர்கள் செய்த கொலை என்று வழக்கு நடந்து, 2010 இல் மூன்று பேருக்குத் தண்டனையும் ஆயிற்று. கொன்றது யார் என்ற அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. "என் பெயரைச் சொல்லாதீர்கள்" என்று ஒரு மனிதன் எழுத்து மூலம் கேட்டான்; கேட்டதைச் சர்க்கார் காற்றில் விட்டது. கொலை நடந்திராவிட்டாலும் அது குற்றம்தான்.

அந்த அவமானத்துக்குப் பிறகு 2004 ஏப்ரலில் மத்திய சர்க்கார் ஒரு தீர்மானம் போட்டது. மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு ஒட்டிய உறையில் புகார் எழுதலாம். உறையின் மேல் அனுப்புகிறவர் பெயர் இருக்கக்கூடாது. உள்ளே இருக்கிற பெயரை ஆணையம் காப்பாற்றும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது மத்திய சர்க்காரின் ஊழியர்களையும் நிறுவனங்களையும் பற்றிய புகாருக்குத்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் மாநில சர்க்காரின் ஊழியர். லாரி முதலாளியோ எந்தச் சர்க்காருக்கும் ஊழியர் இல்லை. மேஸ்திரி எந்த உறையை ஒட்டுவார்?

பிறகு 2014 இல் சட்டமே வந்தது. அதில் ஒரு பிரிவைப் படித்துவிட்டு நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். புகார் செய்தவரின் பெயரை இலாகாத் தலைவருக்குத் தெரிவிப்பது அவசியம் என்று அதிகாரி நினைத்தால், முதலில் அவருடைய சம்மதத்தை எழுத்து மூலம் வாங்கவேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் தம்மிடமுள்ள ஆதாரங்களை அதிகாரியிடம் கொடுத்தால் போதும். கவனக் குறைவாகவோ, கெட்ட எண்ணத்தோடோ பெயரை வெளியிட்டவருக்கு மூன்று வருஷம் வரை சிறை. ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். நான் கேட்பதெல்லாம் இதுதான். ஜனாதிபதி 2014 மே மாதம் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் சட்டம் அமலுக்கு வரும் தேதியை மட்டும் இன்றுவரை யாரும் அறிவிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்து, முகூர்த்தத் தேதி போடாமல் ஊருக்கெல்லாம் கொடுத்த கதை. அப்படியே அமலுக்கு வந்தாலும், அது பொது ஊழியர்களின் முறைகேட்டைப் பற்றிய சட்டம். தனியார் பட்டறைக்குள் அது எட்டிப் பார்க்காது.

2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். பழுதான ரக வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு உத்தரவிடச் சர்க்காருக்கு அதில் அதிகாரம் வந்தது. பழுதைப் பற்றிய தகவல் வண்டிச் சொந்தக்காரர்களிடமிருந்து வரலாம், சோதனை நிலையத்திலிருந்து வரலாம், "வேறு எந்த வழியாகவும்" வரலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அந்த "வேறு வழி" யார்? தொழிற்சாலைக்குள் திருகாணி முடுக்குகிறவன். வரைபடத்தில் தப்பைக் கண்டுபிடிக்கிற எஞ்சினியர். அவன் பெயர் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.

அதே திருத்தத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவனுக்கு உதவுகிறவரைப் பற்றியது. 2016 இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய நெறிகளை ஒட்டி வந்தது. 2020 இல் இதற்கு விதிகளும் செய்தார்கள். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம் பெயரையோ விலாசத்தையோ சொல்லும்படி போலீஸ்காரர் உட்பட எவரும் கட்டாயப்படுத்தக்கூடாது. அவராக விரும்பினால் சொல்லலாம். எவ்வளவு அழகான விதி! பெயர் அவருடைய சொத்து என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நான் கேட்கிறேன்: லாரி மோதிய பிறகு ஓடி வருகிறவனுக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு, லாரி மோதாமலிருக்க ஓடி வருகிறவனுக்குக் கிடையாதா? ரத்தம் சிந்தின பிறகுதான் நம் சட்டத்துக்குக் கருணை சுரக்குமா?

வெளிநாட்டைப் பார்த்து வாய் பிளப்பது என் வழக்கமல்ல. ஆனால் அமெரிக்காவில் 2015 டிசம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். வாகனத் தொழிலுக்குள் இருப்பவர் பழுதைச் சொன்னால், அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய தகவலை அவருடைய எழுத்து மூலமான சம்மதமில்லாமல் சர்க்கார் வெளியிடக்கூடாது. வழக்கு மன்றத்தில் எதிராளிக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நிலை போன்ற விதிவிலக்குகள் அங்கேயும் உண்டு. வசூலாகும் அபராதம் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனால் அதில் 10 முதல் 30 சதவிகிதம் வரை வெகுமதியும் உண்டு. நம் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் செய்கிற ஹூண்டாய் கம்பெனியில் கிம் குவாங்-ஹோ என்ற கொரிய எஞ்சினியர் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். எஞ்சின் பழுதுகளைப் பற்றிய காகிதங்களை 2016 இல் அமெரிக்க அதிகாரிகளிடம் கொடுத்தார். அந்த வருஷமே வேலை போயிற்று. 2020 இல் ஹூண்டாயும் கியாவுமாகச் சேர்ந்து 21 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டன. 2021 நவம்பரில் கிம்முக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. இன்று அவர் பெயரை நான் எழுதுகிறேன் என்றால், அவரே அதைப் பத்திரிகைகளுக்குச் சொன்னதனால்தான். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது வீரம். அடுத்தவன் பெயரை எடுத்து நீட்டிவிட்டு "வீரனாக இரு" என்று உபதேசம் செய்வது கோழைத்தனம்.

மேஸ்திரிக்கு டாலர் வேண்டாம். சில சிறிய காரியங்கள் போதும். கடிதத்தின் அசல் அதிகாரியின் பெட்டியை விட்டு வெளியே போகக்கூடாது. கையெழுத்தே ஒருவனைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று பேர் வேலை செய்கிற பட்டறையில் "ஒருவர் சொன்னார்" என்றாலே அது யார் என்று விளங்கிவிடும். ஆகையால் ஒரு லாரியை மட்டும் தேடிப் போகாமல், ஒரு விடியற்காலையில் சாலையில் நின்று வருகிற உப்பு லாரி அத்தனையையும் சோதிக்கவேண்டும். பெயரைச் சொல்லியே தீரவேண்டும் என்றால் அவனைக் கூப்பிட்டு, அவனுக்குப் புரிகிற தமிழில், யாரிடம் சொல்லப்போகிறோம், எதற்காக, அதனால் என்ன வரலாம் என்று சொல்லிக் கேட்கவேண்டும். அவன் மாட்டேன் என்றால், அதனால் புகாரைத் தூக்கிப் போடக்கூடாது. இதற்கெல்லாம் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. கொஞ்சம் வெட்கம் போதும்.

இனி அந்த உப்புப் பழமொழி. மரக்காணத்து வெயிலில் உப்பு அள்ளுகிற ஜனங்கள் சாப்பிடுகிற சோற்றில் விழுவதும் அவர்கள் அள்ளிய உப்புத்தான். முதலாளியின் சோற்றில் விழுவதும் அதேதான். யார் யாருக்கு உப்பிட்டது? அந்தச் சாலையில் நடக்கிற பிள்ளைகளின் தகப்பன்மாரும் தாய்மாரும் அல்லவா ஊருக்கெல்லாம் உப்பிட்டவர்கள்? அவர்களை நினைத்துத்தான் மேஸ்திரி கடிதம் எழுதினார். பழமொழியை மறந்தவர் அவரல்ல.

புதுச்சேரிக் கூட்டத்தில் இவ்வளவையும் சொல்லி முடித்ததும், "அந்த மனுஷர் யார்? பெயரைச் சொல்லுங்கள், ஏதாவது உதவி செய்யலாம்" என்றார் பெரியவர். நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. எழுத்தாளனுக்கு ஒரு நல்ல மனிதன் அகப்பட்டுவிட்டால், அவனை ஊரறிய நிறுத்திப் பார்க்கவேண்டுமென்று கை அரிக்கும். மறுநாள் போய் மேஸ்திரியையே கேட்டேன். "உங்கள் பெயரைப் போட்டு எழுதட்டுமா?"

ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடிக்கிறவரை பேசவில்லை.

"பெரியவளுக்கு இந்த வருஷம் பத்தாவது சார். லாரியைப் பத்தி எழுதுங்க. என்னைப் பத்தி வேணாம்" என்றார்.

சரி என்றேன். இதில் அவருடைய பெயர் இல்லை. அவரை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு மூன்று சங்கதிகளையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யார் சொன்னது என்று கேட்டு எவரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அந்த லாரிகள் இன்னும் ஓடுகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றால் வரும். நிறுத்திக் குனிந்து பாருங்கள்.